கையேட்டின் பருமன் அளவுகோல் ஆகாது

உயிர்மருத்துவப் பொறியியலில் பார்வை நூல் வாங்குவோரிடம் ஒரு விதி வேரூன்றியிருக்கிறது. துறை முழுவதையும் அடக்கிய பெருங்கையேடு ஒன்றை, அதுவும் கடைசியாக வந்த பதிப்பை வாங்கிவிட்டால் போதும். மின்முனைகளுக்கு ஒரு நூல், படிமவியலுக்கு ஒரு நூல், பராமரிப்புக்கு ஒரு நூல் என்று தேடுவது ஆய்வாளர்களின் வேலை என்பது அந்த விதி. இதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன: துறை மிகப் பரந்தது, கருவிகள் விரைவாக மாறுகின்றன, நூலகத்தின் பணம் அளவானது. மூன்றும் உண்மையான நிலைமைகளே. ஆனால் அவற்றில் எதுவும் பெருங்கையேட்டை முதல் தேர்வாக்கவில்லை. மூன்றையும் பொறுமையாக ஆராய்ந்தால் அவை எதிர்த்திசையிலேயே கொண்டுசெல்கின்றன.

துறையின் பரப்பை முதலில் எடுத்துக்கொள்ளலாம். இந்த வகை நூல்களில் உலகெங்கும் அறியப்பட்டது ஜோசப் பிரான்சினோ தொகுத்த உயிர்மருத்துவப் பொறியியல் கையேடு. 1995இல் அது ஒரே தொகுதியாக, 2,500 பக்கங்களுக்கு மேல் விரிந்து வந்தது. 2000இல் இரண்டு தொகுதிகள் ஆயிற்று, 2006இல் மூன்று, டொனால்டு பீட்டர்சனும் சேர்ந்து தொகுத்த 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் நான்கு. அடிப்படைகள், சமிக்ஞைகளும் படிமங்களும், கருவிகள், மூலக்கூறு மற்றும் திசுப் பொறியியல் என்று பிரிந்த அந்த நான்கும் தனித்தனியாகவும் விற்கப்படுகின்றன. துறை முழுவதையும் ஓர் அட்டைக்குள் அடக்கும் முயற்சியை அந்தக் கையேடே இருபது ஆண்டுகளில் கைவிட்டது என்பதுதான் இந்த வரலாறு காட்டும் செய்தி. தொகுப்பாளர்களின் திறமையில் குறையில்லை. செயற்கைச் சிறுநீரகத்தின் சவ்வையும் மூளை மின்னலைகளின் நிறமாலையையும் ஒரே நூலில் எழுதினால் இரண்டுக்கும் சில பத்துப் பக்கங்களுக்கு மேல் இடம் தர முடியாது. பரப்பு கூடக்கூட ஒவ்வொரு பொருளுக்கும் கிடைக்கும் ஆழம் குறைகிறது. எனவே துறையின் பரப்பு, பல நூல்கள் தேவை என்பதற்கே காரணமாகிறது.

இங்கே ஓர் எளிய சோதனை இருக்கிறது. மைக்கேல் நியூமன் என்ற பொறியாளர் உயிர்மின் மின்முனைகளைப் பற்றிப் பிரான்சினோவின் கையேட்டுக்கு ஓர் அத்தியாயம் எழுதினார். ஜான் வெப்ஸ்டர் தொகுத்த மருத்துவக் கருவியியல் பாடநூலிலும் அதே பொருளில் அத்தியாயம் எழுதியவர் அவரே. எழுதியவரும் ஒருவர், பொருளும் ஒன்று. ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூலின் வகையால் மட்டுமே வருவது. கையேட்டு அத்தியாயம் மின்முனைகளின் வகைகளையும் பண்புகளையும் சுருக்கி வரிசைப்படுத்துகிறது. பாடநூல் அத்தியாயமோ உலோகமும் மின்பகுளியும் சந்திக்கும் இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதில் தொடங்கி, அதற்குரிய சமானச் சுற்றைக் கட்டி, தோலின் அடுக்குகளைச் சேர்த்து, இறுதியில் கணக்குகள் தந்து வாசகரைச் சோதிக்கிறது. முதலாவது, ஏற்கெனவே அறிந்தவருக்கு நினைவூட்டும். இரண்டாவது, அறியாதவரை அறியவைக்கும். மருத்துவமனையில் கருவியின் முன் நிற்கும் இளம் பொறியாளருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அன்றாடம் எழும் தொல்லை ஒன்றை வைத்து இதைப் பார்க்கலாம். ஈசிஜி திரையில் அலையின் மேல் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் படர்கிறது. நோயாளியின் உடலுக்கும் அறையின் மின்கம்பிகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மின்தேக்கியாக வேலை செய்வதால் சிறிய மின்னோட்டம் உடலுக்குள் வருகிறது. வெப்ஸ்டரின் நூல் எடுத்துக்காட்டும் கணக்கில் அது 0.2 மைக்ரோ ஆம்பியர். வலது காலில் ஒட்டிய மின்முனையின் மின்மறுப்பு 50 கிலோ ஓம் என்றால் உடல் முழுவதும் 10 மில்லிவோல்ட் எழுகிறது. மற்ற இரு மின்முனைகளின் மின்மறுப்புகள் தமக்குள் 20 கிலோ ஓம் வேறுபட்டு, பெருக்கியின் உள்ளீட்டு மின்மறுப்பு 5 மெகா ஓம் ஆக இருந்தால், அந்த 10 மில்லிவோல்ட்டில் 40 மைக்ரோவோல்ட் இதயத்தின் சமிக்ஞையோடு கலந்துவிடும். ஈசிஜியின் பி அலை பல நேரங்களில் 100 மைக்ரோவோல்ட்டைச் சற்றே தாண்டும் உயரமுடையது. அதன் மேல் 40 மைக்ரோவோல்ட் இரைச்சல் ஏறினால் மருத்துவர் படிப்பது எதை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கு அமெரிக்கச் சூழலுக்கு எழுதப்பட்டது. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்தேக்கி வழியே பாயும் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் இருப்பதால், அதே அறை அமைப்பில் அது இங்கே ஏறக்குறைய 1.6 மடங்காகிறது. 0.2 என்பது 0.32 மைக்ரோ ஆம்பியர் ஆகும். 40 மைக்ரோவோல்ட் இரைச்சல் 64 ஆகும். இந்தத் திருத்தத்தைச் செய்ய வாசகருக்கு வேண்டியது வருவிப்பு. வெறும் எண் போதாது. முடிவை மட்டும் அட்டவணையில் தரும் நூலிலிருந்து சென்னையிலோ மதுரையிலோ உள்ள பொறியாளர் எடுக்கும் எண், இன்னொரு நாட்டின் சுவரிலுள்ள பிளக்குக்குப் பொருந்தும் எண். வழியைக் காட்டும் நூலிலிருந்து அவர் தன் சுவருக்குரிய எண்ணைத் தானே வரவழைத்துக்கொள்வார். சுருக்கமான பெருங்கையேடு முதல் தேர்வாகக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

தொல்லைக்குத் தீர்வு தேடும்போதும் அதே வேறுபாடு தெரியும். நோயாளி அசையும்போது ஈசிஜியின் அடிக்கோடு அலைவதற்கு மின்முனையின் ஜெல்லையோ கம்பியையோ குறை சொல்வது எளிது. தோல் இழுபடும்போது அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தம் மாறுவதே இதற்கு முக்கியக் காரணம் என்பதையும், தோலின் மேலடுக்கை இலேசாகத் தேய்த்துவிட்டால் அலைவு பெரிதும் குறைகிறது என்பதையும் 1977இலேயே டாமும் வெப்ஸ்டரும் காட்டிவிட்டனர். தனிப்பொருள் நூல் இந்தக் காரணத்தைச் சொல்லி, செவிலியரிடம் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் புரியவைக்கிறது. ஒரு தேய்ப்புத் தாளால் தீரும் குறைக்காகப் புதிய மானிட்டர் வாங்கும் நிலை அப்போது வராது.

பலர் சேர்ந்து எழுதுவதே குறை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வெப்ஸ்டரின் பாடநூலும் பலர் எழுதியதே. பட்டி ரேட்னரும் மற்றவர்களும் தொகுத்து 1996இல் முதலில் வெளிவந்த உயிர்ப்பொருள் அறிவியல் நூலுக்கு ஏராளமானோர் எழுதியிருக்கிறார்கள். உடலுக்குள் வைக்கும் பொருள்களைப் பற்றி அறிய அதைத் தவிர்த்துவிட்டு நகர்வது கடினம். இந்த நூல்களில் தொகுப்பாளர் ஒரே வாசகரை மனத்தில் வைத்திருக்கிறார், குறியீடுகள் ஒத்துப்போகின்றன, ஓர் அத்தியாயம் சொன்னதை அடுத்தது நினைவில் வைத்திருக்கிறது. பெருங்கையேட்டில் ஒவ்வொரு அத்தியாயமும் தனித்து நிற்கிறது. அடுத்தடுத்த இரு அத்தியாயங்களில் ஒரே அளவுக்கு இரு வேறு குறியீடுகள் வந்தாலும் கேட்பாரில்லை. பெருங்கையேட்டுக்கு உரிய நியாயமான பயன் ஒன்று உண்டு: அறிமுகமே இல்லாத ஒரு கிளைக்குள் நுழையும்போது அதன் சொற்களையும் முக்கியமானவர்களின் பெயர்களையும் அரை நாளில் தெரிந்துகொள்ள அது உதவும். நூலகத்தில் ஒரு பிரதி இருக்கலாம். அதன் மேல் முடிவெடுக்கக் கூடாது.

இரண்டாவது காரணம், புதுமை. கருவிகள் மாறுகின்றன, ஆகவே கடைசிப் பதிப்பே நல்ல பதிப்பு என்பது கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். ஒரு நூலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பழையதாகின்றன என்று இந்த வாதம் எடுத்துக்கொள்கிறது. அது தவறு. மின்சாரம் பாயும் கம்பியைப் பிடித்த கையை விடுவித்துக்கொள்ளக்கூடிய உச்ச மின்னோட்டத்தைக் கலிபோர்னியாவில் சார்லஸ் டால்சியல் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அளந்தார். 60 ஹெர்ட்ஸில் ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. மனிதத் தசை அதன்பின் மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. திசுக்களின் மின்தடை எண்களை கெடிஸும் பேக்கரும் 1967இல் திரட்டி வெளியிட்டார்கள். அந்தத் திரட்டை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்தாளுகிறார்கள். திசுக்களின் விசையியலைப் பற்றி ஒய்.சி. ஃபங் எழுதி 1981இல் வந்த நூலும் அவ்வாறே. இவற்றைப் பழையவை என்று ஒதுக்குவது நல்ல அறிவை ஒதுக்குவது.

அதே அலமாரியில் டிஃபிப்ரிலேட்டர் அத்தியாயத்தை எடுத்தால் நிலைமை வேறு. பெர்னார்ட் லோன் 1962இல் அறிமுகப்படுத்திய ஒருதிசை அதிர்வு பல பத்தாண்டுகள் கோலோச்சியது. உச்ச ஆற்றல் 360 ஜூல். 1990களின் பிற்பகுதியிலிருந்து இருதிசை அலை பரவி, முதல் அதிர்வுக்கு 120 முதல் 200 ஜூல் வரை போதும் என்ற நிலை வந்தது. 1980களின் நூலைப் பார்த்து இன்றைய கருவியின் வெளியீட்டைச் சோதிப்பவர் அலையின் வடிவத்தையே தவறாக எதிர்பார்ப்பார். பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் அப்படித்தான். டகுவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்ட வழி மருத்துவமனைகளில் பரவியது 1980களில். குரோம்வெல் முதலானோர் எழுதி, தமிழ்நாட்டு மாணவர்கள் தலைமுறைகளாகப் படித்துவரும் உயிர்மருத்துவக் கருவியியல் நூலின் இரண்டாம் பதிப்பு 1980இல் வந்தது. விரலில் மாட்டும் அந்தக் கருவியை அதில் தேடுவது வீண். ஆனால் நாடியும் நரம்பும் பற்றி அது சொல்வதில் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது.

ஆகவே புதுமையை அத்தியாயம் அத்தியாயமாகத்தான் அளக்க வேண்டும். தொகுப்புக் கையேடுகளில் முந்தைய பதிப்பின் அத்தியாயங்கள் சிறு மாற்றத்தோடு அடுத்த பதிப்புக்குள் போவது வழக்கம் என்பதால், அட்டையிலுள்ள ஆண்டு இந்த அளவீட்டுக்கு உதவாது. அத்தியாயத்தின் இறுதியில் உள்ள மேற்கோள்களைப் பார்த்தால் போதும். வென்டிலேட்டர் பற்றிய பகுதியின் மேற்கோள்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டிருந்தால், நூலின் அட்டை எவ்வளவு புதிதாயினும் அந்தப் பகுதி பழையதே. எவ்வளவு புதிய நூலும் எட்டாத இடங்களும் உண்டு. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய நேரங்களில், உண்மையான தமனி ஆக்ஸிஜன் செறிவு 88க்குக் கீழே இருந்த நிகழ்வுகள் வெள்ளை இனத்தவரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தன என்று 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வுக் கடிதம் வெளியானது. தோல் நிறம் பலவாக இருக்கும் இந்திய மருத்துவமனைகளுக்கு இது உயிர் சார்ந்த கேள்வி. அதே ஆண்டில் வெளியான வெப்ஸ்டர் நூலின் ஐந்தாம் பதிப்பு இதைச் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. இதழ்களுக்குச் செல்ல வேண்டிய இடத்தில் புதிய பதிப்பு வாங்குவது பதிலாகாது.

பாதுகாப்பு வரம்புகளில் இந்தப் பிழை மிகவும் அபாயமானது. மருத்துவ மின்கருவிகளுக்கான ஐஇசி 60601-1 தரத்தின் 1988ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு, பொதுவான கருவிகளில் இயல்பு நிலையில் தரைக்கம்பி வழியே போகும் கசிவு மின்னோட்டத்தை 0.5 மில்லி ஆம்பியருக்குள் நிறுத்தியது. 2005இல் வந்த மூன்றாம் பதிப்பு அதை 5 மில்லி ஆம்பியராக உயர்த்தியது. இதயத்தோடு நேரடித் தொடர்புடைய சிஎஃப் வகைப் பகுதிகளிலிருந்து நோயாளிக்குள் பாயக்கூடிய கசிவுக்கோ 10 மைக்ரோ ஆம்பியர் என்ற வரம்பு அப்படியே இருந்தது. முதல் மின்னோட்டம் தரைக்கம்பியோடு போய்விடுகிறது. இரண்டாவது கதீட்டர் வழியே இதயத்தைத் தொடுகிறது. நாய்களின் இதயத்தில் 20 மைக்ரோ ஆம்பியரே கீழறைத் துடிப்பைக் குலைத்தது என்பது சோதனைகளில் தெரிந்த செய்தி. ஒன்று தளர்ந்தும் மற்றது தளராமலும் இருப்பதன் காரணம் அந்த வேறுபாட்டில் இருக்கிறது. கையேட்டின் அட்டவணையில் இரண்டும் ‘கசிவு’ என்ற தலைப்பின் கீழ் அருகருகே அச்சாகியிருக்கும்போது, அட்டவணையை மட்டும் பார்ப்பவர் இரண்டில் எதைத் தளர்த்தலாம் எதைத் தொடக் கூடாது என்பதை அறிய மாட்டார். எந்த நூலும், பெரியதோ சிறியதோ, வரம்புகளுக்கு இறுதிச் சான்று ஆகாது. தரமே சான்று, இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதை ஐஎஸ் 13450 என்ற வரிசையில் ஏற்றிருக்கிறது. நூலிடம் கேட்க வேண்டியது வரம்பின் காரணம். அமெரிக்க நூல்கள் அந்நாட்டின் என்எஃப்பிஏ 99 விதிகளைப் பின்பற்றி எழுதப்படுவதால், அங்குள்ள எண்ணை அப்படியே இங்கே பயன்படுத்துவது இரட்டைத் தவறு.

மூன்றாவது காரணம் பணம். நான்கு தொகுதிக் கையேடு ஒன்று, ஐந்து தனிநூல்களைவிட மலிவு என்ற கணக்கு பெரும்பாலும் செய்து பார்க்கப்படாமலேயே நம்பப்படுகிறது. ஜாக்கோ மால்மிவுவோவும் ராபர்ட் பிளான்சியும் எழுதிய உயிர்மின்காந்தவியல் நூல் 1995இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது; இணையத்தில் முழுவதும் இலவசமாகப் படிக்கலாம். ஈசிஜியின் கோட்பாட்டுக்கு அதைவிடத் தெளிவான இடம் அரிது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மருத்துவக் கருவிகள் தொழில்நுட்ப வரிசையில் கருவிப் பதிவேடு, பராமரிப்புத் திட்டம், கணினிவழி மேலாண்மை ஆகியவற்றுக்குத் தனித்தனி ஏடுகள் உள்ளன, அவையும் இலவசம். வசதி குறைந்த மருத்துவமனைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதால், பணக்கார நாடுகளின் கையேடுகளில் இல்லாத நடைமுறை அறிவு அவற்றில் இருக்கிறது. சண்டிகரிலுள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்.எஸ். கந்த்பூர் எழுதி 1987இல் வந்த உயிர்மருத்துவக் கருவியியல் கையேடு ரூபாய் விலையில் கிடைப்பது. பெயரில் கையேடு என்றிருந்தாலும் ஒருவர் எழுதியது. மருத்துவமனையில் காணும் கருவி ஒவ்வொன்றின் பகுதிகளும் எப்படி இணைகின்றன என்பதைக் கட்டப்படங்களால் காட்டுவதே அதன் பலம். மின்முனைக் கோட்பாட்டுக்கோ இரைச்சல் கணக்குக்கோ வேறு நூலை நாட வேண்டும். இவற்றை வைத்துக்கொண்டு, செலவழிக்கும் பணத்தை வெப்ஸ்டர் போன்ற ஒரு பாடநூலுக்கும், சிடி ஸ்கேனும் எம்ஆர்ஐயும் உள்ள இடமாயின் புஷ்பெர்க் முதலானோரின் படிமவியல் இயற்பியல் நூலுக்கும், பொறியாளர் பலர் பணிபுரியும் இடமாயின் ஜோசப் டைரோ 2004இல் தொடங்கிவைத்த மருத்துவமனைப் பொறியியல் கையேட்டுக்கும் ஒதுக்கினால், ஒவ்வொரு ரூபாயும் கேள்விக்கு விடை தரும் பக்கத்துக்குப் போகும். பெருங்கையேட்டில் செலவழித்த பணத்தில் பெரும்பங்கு, அந்த மருத்துவமனை என்றுமே திறக்காத பக்கங்களுக்குப் போகிறது.

தேர்வு செய்யும் வழி இந்த வாதங்களிலிருந்தே வருகிறது. தனக்கு அண்மையில் உண்மையாக எழுந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, போட்டியிலுள்ள நூல்கள் எல்லாவற்றிலும் அதைத் தேட வேண்டும். இன்ஃபியூஷன் பம்ப் குறைந்த வேகத்தில் ஏன் ஒரே சீராகப் பாய்வதில்லை, குழாய் அடைத்த பிறகு அலாரம் ஒலிக்க ஏன் அவ்வளவு நேரமாகிறது என்பது போன்ற கேள்வியாக இருந்தால் நல்லது. பொருளடைவு அந்தச் சொல்லுக்கு வாசகரைக் கொண்டுபோகிறதா, போன இடத்தில் காரணம் இருக்கிறதா, காரணத்தைக் கணக்காக்கி வேறு எண்களுக்கு மாற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முன்னுரையில் நூல் யாருக்கென்று சொல்லப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். ‘மாணவர்கள், பொறியாளர்கள், மருத்துவர்கள், ஆய்வாளர்கள், நிர்வாகிகள் அனைவருக்கும்’ என்று எழுதியிருந்தால், அவர்களில் ஒருவருக்கும் முழுமையாகப் பயன்படாத பக்கங்கள் நிறைய இருக்கும். கருவியின் உதிரிப் பாகம் மாற்றவும் கேலிபரேஷன் செய்யவும் எந்த நூலையும் நம்பக் கூடாது. அதற்குத் தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவல் மட்டுமே ஏற்றது. கருவி வாங்கும் ஒப்பந்தத்திலேயே அதைக் கேட்டுப் பெறாத மருத்துவமனை, பிறகு எத்தனை கையேடு வாங்கினாலும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

புதிய பதிப்பு வந்ததும் பழையதைக் கழித்துவிடும் பழக்கமும் அதே தவறான விதியின் பிள்ளை. மருத்துவமனையில் உள்ள கருவிகள் எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை அல்ல. 1990களில் இரண்டாம் பதிப்பின்படி சான்று பெற்ற கருவி இன்றும் ஒரு வார்டில் ஓடிக்கொண்டிருக்கலாம்; அதன் மேனுவல் 0.5 மில்லி ஆம்பியரை வரம்பாகச் சொல்லும். பக்கத்துக் கட்டிலில் உள்ள கருவியின் மேனுவல் 5 என்று சொல்லும். பயன்பாட்டில் இருக்கும் கருவிகளை அவ்வப்போது சோதிப்பதற்கென்றே 2007இல் தனியாக வந்த ஐஇசி 62353, அளக்கும் முறையையும் வரம்புகளையும் மீண்டும் வேறு விதமாக வகுத்தது. மூன்று எண்களும் எந்த ஆண்டின் எந்த ஆவணத்திலிருந்து வந்தவை என்று விளங்கிக்கொள்ளப் பழைய நூலும் புதிய நூலும் ஒருங்கே வேண்டும். பழைய பதிப்பை அலமாரியில் வைத்து, அதன் பாதுகாப்பு அத்தியாயம் எந்தத் தரப் பதிப்பைப் பின்பற்றியது என்று முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினால், சோதனை செய்யும் டெக்னீஷியன் எந்த எண்ணைக் கருவியின் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.